கண்ணாடி உடையும்வரை

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தையல்கார அண்ணன் செய்கிற முதல் வேலை விளக்கைப் போடுவதல்ல, மிஷினுக்கு எண்ணெய் விடுவதும் அல்ல. நேராக மாடிப்படிக்கு அடியில் நிற்கிற தூணிடம் போவார். முன்னால் அடுக்கியிருக்கும் துணி மூட்டைக்குப் பின்னே உடம்பைக் கோணலாக நுழைத்து, குனிந்து பார்ப்பார். பிறகு வெளியே வந்து, படியில் யார் இறங்கி வந்தாலும் அவர்களிடம் "உடையல" என்பார். அதுதான் எங்கள் கட்டடத்தில் காலை வணக்கம். எட்டுக் குடித்தனக்காரர்களும் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற அவசரத்தில் அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டுதான் தெருவில் கால் வைப்பார்கள். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று மூன்றாம் மாடிக்காரர் பாதி வழி போய்விட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதற்காகத் திரும்பி வந்தார்.

உடைய வேண்டியது ஒரு கண்ணாடித் துண்டு. விரல் நீளம், விரல் அகலம். அந்தத் தூணில் என் இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. காரை நிறுத்த இடம் போதவில்லை என்று வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் ஒரு சுவரை இடித்தார். அதற்கடுத்த வருடம் வந்த விரிசல் அது. கூப்பிட்டுக் காட்டியபோது கொத்தனார் விரிசலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பழைய ஜன்னல் கண்ணாடியிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் உருண்டை வைத்து அழுத்தினார். ஈரம் காயும் முன் ஆணியால் தேதியைக் கீறினார்.

"விரிசல் தூங்குதா நடக்குதான்னு கண்ணால பாத்தாத் தெரியாது. நடந்துச்சுன்னா கண்ணாடி தாங்காது. உடைஞ்சிரும். உடைஞ்சா யோசிக்காதீங்க, எல்லாரும் வெளிய வந்துருங்க" என்றார்.

இப்போதே முட்டுக் கொடுத்துத் தூணைச் சரி செய்துவிடலாமே என்று கேட்டதற்கு, செய்யலாம், இரண்டு மாதம் மொத்தக் கட்டடமும் காலியாக இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் எட்டு வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு மாதத்துக்கு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டோம். கொத்தனார் தன் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று சொல்ல வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அது.

நான் படிப்பது பொருளாதாரமும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு. முற்பகல் பொருளாதாரம், பிற்பகல் சட்டம். ஒரே படிப்பில் இரண்டு பட்டம் என்று சேர்க்கும்போது சொன்னார்கள். உறவினர்களுக்கு இது பிடிபடவே இல்லை. "வக்கீலா, பேங்க் வேலையா, ஏதாவது ஒண்ணு சொல்லு" என்பார் மாமா. சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று அத்தை சிரிப்பாள். அப்பா இல்லாத வீட்டில், பல் மருத்துவமனையில் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டு என்னை இதில் சேர்த்த அம்மா மட்டும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. கட்டடத்தில் எனக்கு அப்போதே வக்கீலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நிஜ வாழ்க்கையில் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் லாபம் வருகிற மாதிரி ஓர் ஒப்பந்தம் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டு துறை ஆசிரியர்களும் சேர்ந்து மதிப்பெண் போடுவார்கள். பொருளாதார ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் வளைகோடு. சாக்பீஸ் கையில் கிடைத்தால் அவர் வரையாத வளைவு இல்லை. சட்ட ஆசிரியை கமா மேடம். ஒரு கமா இடம் மாறியதால் ஒரு குடும்பமே சொத்தை இழந்த கதையை வாரத்துக்கு ஒருமுறை சொல்வார்.

நான் தூணை எடுத்துக்கொண்டேன். எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் ஒப்பந்தம் இதுதான்: கண்ணாடி உடையும்வரை எல்லா வீட்டுக்கும் வாடகையில் கால் பங்கு குறைப்பு. அதுவரை யாரும் நகராட்சிக்குப் புகார் கொடுக்கக் கூடாது. கண்ணாடி உடைந்தால் குறைப்பு அன்றோடு நிற்கும், ஏழு நாளில் எல்லோரும் காலி செய்ய வேண்டும், வீட்டுக்காரர் தூணைச் சரி செய்ய வேண்டும். முதல் வரியாக, "இந்தத் தூணின் நிலையை நாம் அறிந்தே இங்கு இருக்கிறோம்" என்று எழுதியிருந்தேன். வீட்டுக்காரரும் நாங்களும் சேர்ந்து ஒரு கூரைக்குக் கீழே பேசி முடித்த மாதிரி ஒரு தொனி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கமா மேடம் அந்த 'நாம்' மேல் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில், "யார் இந்த நாம்? ஒப்பந்தத்தில் உறவு கொண்டாடாதே" என்று எழுதியிருந்தது. மேடம் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டுக்காரர் இதில் குடியிருக்கவில்லை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குடியிருக்கிறவர்கள்தான் அறிந்து இருக்கிறார்கள். அடித்துவிட்டு 'நாங்கள்' என்று எழுதினேன். வாக்கியம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

அம்மா அந்தக் கட்டுரையை எல்லோருக்கும் காட்டினாள். வீட்டுக்காரருக்கும் காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பார்த்தால் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுக்கிறவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு எவன் சொன்னான்? இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குவோமே வக்கீலம்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல்கார அண்ணன் கடையில், துணி வெட்டுகிற மேசை மேல் தாளை விரித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது. எனக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சந்தேகம் கேட்டவர்களுக்கு நான்தான் விளக்கினேன். என் பொருளாதாரம் சொன்னபடியே நடந்தது. எல்லோர் முகத்திலும் லாபம் தெரிந்தது. அந்த மாதத்திலிருந்து மிச்சமான கால் பங்கை அம்மா தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். அது என் படிப்புக் கட்டணத்துக்கு.

ஒரு வாரம் கழித்துத்தான் தூணுக்கு முன்னால் அந்தத் துணி மூட்டை வந்தது. கடையில் இடம் இல்லை என்றார் அண்ணன். குழந்தைகள் கை வைத்துவிடும், அதுவும் நல்லதுதான் என்றார்கள். நான் தினமும் "உடையல" என்பதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஒன்பது மாதம் ஓடினேன்.

நான்காம் வருடம், ஒரு பிற்பகல் வகுப்பு. சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தலையைத் தொங்கப்போட்டிருந்தோம். கமா மேடம் நஷ்டஈட்டுச் சட்டத்தில் பழைய கோட்பாடு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே ஒருவன் அதற்குள் போனால், பிறகு அடிபட்டேன் என்று அடுத்தவன்மேல் வழக்குப் போட முடியாது. 'அறிந்தே' என்ற சொல்லைப் பலகையில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

எனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. அது என் சொல். அதற்கு முன்னால் நிற்கிற சொல்லும் எனக்கு மனப்பாடம். நாங்கள் அறிந்தே. வீட்டுக்காரரை அந்த வாக்கியத்திலிருந்து வெளியே எடுத்து, அவர் கையைத் துடைத்துவிட்டு, உள்ளே எட்டுக் குடும்பத்தையும் அம்மாவையும் வைத்துப் பூட்டியிருந்தேன். இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். யாரும் என்னை மிரட்டி எழுதச் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காக எழுதினேன்.

வகுப்பு முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே கையெழுத்து வாங்கிட்டீங்களா?" என்றார்.

"வாங்கியாச்சு மேடம். அந்தத் தாள் கோர்ட்ல நிக்குமா?"

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம். உயிர் விஷயத்துல இப்படியெல்லாம் எழுதி வாங்க முடியாதுன்னு நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வேற சொல்லும்." பேனாவை மூடி வைத்தார். "ஆனா அதைப் பேசணும்னா முதல்ல கட்டடம் விழுந்திருக்கணும்மா. சட்டம் அதுக்கப்புறம்தான் வரும்."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற படிப்பு என்று அத்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மேடம் மேசையைச் சுற்றி வந்து என் தோளைத் தொட்டார். அவர் அதற்கு முன் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் போனேன். தாளைத் திருத்த வேண்டும், தூணை இப்போதே சரி செய்ய வேண்டும் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"கண்ணாடி உடைஞ்சா பண்றேன்னு எழுதியிருக்கு. பண்ணாம ஓடிருவேனா? உடையட்டும், மறுநாளே ஆளைக் கூப்பிடறேன். நீ எழுதினதை நான் ஒரு எழுத்துகூட மாத்தலையே, வக்கீலம்மா."

மாற்றவில்லைதான். தையல்கார அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் ஒரு காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூல் துணுக்குகள் அவர் மடியில் விழுந்துகொண்டே இருந்தன.

"நீ எழுதினதுதானேம்மா. நீ தப்பா எழுதுவியா?"

"தப்பாத்தான் எழுதிட்டேன்ணே. எல்லாரும் காலி பண்ணிடறதுதான் நல்லது."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "எங்க போறது? இந்த வாடகைக்கு ஊருக்குள்ள கடை கிடைக்குமா? மூணாம் மாடிக்காரருக்குப் பொண்ணு பிறந்து நாலு மாசம். நீ இதெல்லாம் மண்டையில ஏத்திக்காத. நாங்க பாத்துக்கறோம். நீ படி."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். அவள் வாஷ்பேசின் முன் நின்று புதுக் கண்ணாடியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். பழையது அன்று காலை நான் கிளம்பிய பிறகு கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்றாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த இடத்தில் இருந்த கண்ணாடி. ஓரத்தில் நான் சின்ன வயதில் ஒட்டிய நட்சத்திரங்கள் பாதி உரிந்து, ஊதாவாக நிறம் மங்கி நிற்கும். துண்டுகள் எங்கே என்றேன். அப்போதே கொட்டியாகிவிட்டது, காலில் குத்தும் என்றாள்.

"அம்மா, நாம போயிரலாம். வேற எங்கயாவது. நான் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறேன்."

"அடிச்சேன்னா பாரு." ஆணியை வாயில் கவ்வியிருந்ததால் அது முழுதாக வரவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னும் ஒரு வருஷம்டி. ஒரே ஒரு வருஷம். அதுக்குள்ள வானம் இடிஞ்சா விழுந்துரும்?"

"வானம் இல்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "நாங்க பாத்துக்கறோம், நீ போய்ப் படி" என்றாள்.

நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். இந்த முறை கமா, புள்ளி எதையும் பார்க்கவில்லை, விரிசலையும் இடித்த சுவரையும் மட்டும் எழுதினேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். தபால்பெட்டி பஸ் நிறுத்தத்திலேயே இருக்கிறது, போடவில்லை. போட்டால் கட்டடத்துக்குச் சீல் வைப்பார்கள், எட்டுக் குடும்பமும் சாமான்களோடு தெருவில் நிற்கும், டப்பாவில் சேர்வதும் நிற்கும். கையெழுத்துப் போடச் சொன்னவளும் நானே, காட்டிக் கொடுத்தவளும் நானே என்று ஆகும். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியும். நான் கோழை. கண்ணாடிதான் இன்னும் உடையவில்லையே என்று மனது ஒவ்வொரு நாள் காலையிலும் எனக்கு ஒருநாள் வாய்தா வாங்கிக் கொடுத்தது.

எட்டாவது நாள் வளைகோடு சாரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். அவருக்கு என் கட்டுரை நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லோருக்கும் லாபம் என்று நீங்கள்தானே முழு மதிப்பெண் போட்டீர்கள், எங்கே சார் தப்பு என்று கேட்டேன். வழக்கமாக உடனே சாக்பீஸைத் தேடுகிறவர், அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உன் ஒப்பந்தத்துல கண்ணாடி உடையணும்னு ஆசைப்படறவங்க யாரும்மா?" என்றார்.

யோசித்தேன். உடைந்தால் வீட்டுக்காரருக்குச் செலவு. குடியிருப்பவர்களுக்குக் குறைப்பும் போகும், வீடும் போகும். "யாரும் இல்ல சார்."

"உடைஞ்சிருச்சுன்னு போய்ச் சொல்றவனுக்கு என்ன லாபம் வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

"ம்" என்றார். "அதை நானும் அப்ப பாக்கல. முழு மார்க் போட்டேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடித்ததும் கிட்டத்தட்ட ஓட்டமாக வகுப்புக்குள் போய்விட்டார்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை நான் என் கண்ணால் பார்க்கவே இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் ஆறரைக்கெல்லாம் தோளில் பையோடு இறங்கினேன். ஷட்டர் மூடியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் எப்போதும் போல அரை இருட்டு. மூட்டை கனமாக இருந்தது. முழங்காலால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. அது நகர்ந்த இடத்தில் தரையில் ஏதோ நறநறத்தது. செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். பச்சை ஓரம் கொண்ட கண்ணாடித் தூள். ஜன்னல் கண்ணாடி அது, கொத்தனார் வெட்டியது. பெருக்கியும் போகாமல் மூலையில் தங்கியிருந்தது.

வெளிச்சத்தைத் தூணுக்கு உயர்த்தினேன். விரிசலின் இரண்டு பக்கமும் சிமெண்டைச் சுரண்டி எடுத்த வட்டங்கள். ஒரு ஜோடி. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு ஜோடி. இன்னும் ஒன்று. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மூன்று முறை உடைந்திருக்கிறது. மூன்று முறையும் யாரோ சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது. ஒருவர் குழைக்க வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் படியில் நின்று நான் வருகிறேனா என்று பார்க்க வேண்டும். நாங்க பாத்துக்கறோம் என்று அவர்கள் சொன்னபோது அந்த 'நாங்க'வில் நான் இல்லை என்பது எனக்கு அப்போது கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

நான்காவது துண்டு அந்த மூன்றுக்கும் கீழே, இடுப்புக்கும் கீழே இருந்தது. அதன் சிமெண்டில் தேதி இல்லை. அதைப் பார்க்க நான் மண்டியிட வேண்டியிருந்தது. வெளிச்சம் பட்டதும் அது திருப்பி அடித்தது, கண் கூசியது. ஜன்னல் கண்ணாடி இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடி. ஓரத்தில், சிமெண்டில் பாதி புதைந்து, ஊதாவாக மங்கிய ஒரு நட்சத்திரம்.

மேலே எங்கள் வீட்டுக் கதவு திறந்து மூடியது. அம்மாவுக்கு அன்று காலை ஷிப்ட். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. திருப்பத்தில் நின்றது. தள்ளி வைத்த மூட்டையை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"என்னடி அங்க பண்ற?" என்றாள். நான் மண்டியிட்ட இடத்திலேயே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, தினமும் தையல்கார அண்ணனிடம் கேட்கிற அதே குரலில், ஆனால் மிக மெதுவாகக் கேட்டாள். "உடையலதானே?"

பையில் கடிதம் என் விலாவில் குத்தியது. கண்ணாடியில் என் ஒற்றைக் கண் தெரிந்தது. அதன் குறுக்கே, நட்சத்திரத்தின் முனையிலிருந்து கிளம்பி, முடியிழை மாதிரி ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே பாதிக் கண், கீழே பாதிக் கண். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.